பழைய தொட்டிலுக்கு ‘ஆன்டிக்’ வேலை கேட்கிறவர்களுக்கு

பழைய சாமான் கடையில் வாங்கிய நாற்காலியையோ, பாட்டி வீட்டுத் தொட்டிலையோ ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, போனில் ஒரு படத்தைக் காட்டுவார்கள். வெள்ளை அடித்து, மூலைகளைத் தேய்த்து உள்ளே இருக்கும் நிறம் எட்டிப் பார்க்கிற மாதிரி விட்டு, செதுக்கு வேலையின் இடுக்குகளில் கருப்பு கிளேஸ் (அடி நிறம் தெரிகிற மெல்லிய பூச்சு) இழுத்து, கடைசியில் மெழுகு போட்ட வேலை. “இதே லுக் வேணும் அண்ணே.” செய்து தருவதுதான் என் தொழில். ஆனால் முன்பே பெயின்ட் கண்ட பொருளில் மூலையைத் தேய்க்கும் அந்த ஒரு வேலையை மட்டும் செய்ய மாட்டேன். அதுவும் தொட்டில் என்றால் பேச்சே இல்லை.

காரணம் ஈயம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பர் 1-ல்தான். (நம் கன்னியாகுமரி மாவட்டம் 1956-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்ததும் நவம்பர் 1. அதனால் தேதி எனக்கு மறப்பதில்லை.) அதற்கு முன்பு அடித்த எனாமலில் ஈயம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை என்றால் எனக்குச் சந்தேகம் கூடும், ஏனென்றால் அந்த நிறங்களுக்கு ஈயக் குரோமேட் என்ற ஈயம் கலந்த நிறப்பொடி சேர்ப்பது வழக்கமாக இருந்தது. லேபில் கொடுத்துப் பார்க்காதவரை, பழைய எனாமல் எல்லாவற்றையும் ஈயம் உள்ளதாகவே வைத்துக்கொள்வது நல்லது.

பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடம்பு, வயிற்றுக்குள் போன ஈயத்தை 4 முதல் 5 மடங்கு வரை அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாதிப்பு மூளை வளர்ச்சியில். பல் முளைக்கிற பிள்ளை தொட்டில் விளிம்பைக் கடிக்காமல் இருக்குமா? “அதான் மேலே மெழுகு இருக்கே” என்று கேட்பார்கள். மெழுகு பளபளப்புக்கும் தண்ணீர்த் துளிக்கும் ஆனது. நகம் பட்டாலே கீறும். அதை நம்பி அடியில் ஈயத்தை வைக்க முடியாது.

தேய்க்கிறவருக்கும் இது ஆபத்துதான். காய்ந்த உப்புத்தாளை மெஷினில் மாட்டித் தேய்த்தால் தூசி வீடு முழுக்கப் பரவும். தீயால் வாட்டிச் சுரண்டினால் புகையாக மூக்குக்குள் போகும். வேறு வழியே இல்லையென்றால் வாட்டர் பேப்பரை (ஈரத்தில் தேய்க்கிற உப்புத்தாள்) நனைத்து, ஈரத்திலேயே, வெளியில், கீழே பிளாஸ்டிக் ஷீட் விரித்துத் தேய்க்க வேண்டும். என்95 மாஸ்க்காவது வேண்டும். துணி மாஸ்க் போதாது. அந்த மாஸ்க்கும் தூசிக்குத்தான், தின்னர் நெடியைத் தடுக்காது. கோழி மேய்கிற முற்றத்தில் இந்த வேலை வேண்டவே வேண்டாம். உதிர்ந்த செதிலைக் கோழி கொத்தினால் ஈயம் முட்டை வரைக்கும் வரும்.

இன்னொன்றை யாரும் யோசிப்பதில்லை. உளுத்துப்போன பெயின்ட் அடித்த சட்டங்களை வெந்நீர் அடுப்பில் வைத்து எரித்துவிடுகிறோம். மரம்தான் எரியும், ஈயம் எரிந்து தீராது. கொஞ்சம் புகையில் போகும், மீதி சாம்பலில் தங்கும். அந்தச் சாம்பலைத்தான் தென்னை மூட்டிலும் கீரைப் பாத்தியிலும் கொண்டுபோய்க் கொட்டுகிறோம்.

சரி, பெயின்ட்டே காணாத பழைய மரம் என்றால்? அங்கே எனக்குத் தடையில்லை. மறைவான இடத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்துப் பாருங்கள். பிசுபிசுவென்று கரைந்து வந்தால் அரக்கு பாலிஷ். ஈட்டியோ நல்ல தேக்கோ என்றால் பெயின்ட்டை மறந்துவிட்டு, திரும்ப பாலிஷ் போடச் சொல்வேன். பத்மநாபபுரம் அரண்மனையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஈட்டி மரத்தில் வெள்ளை அடிக்க எனக்கு மனசு வராது. அயினி, பலா என்றால் அடிக்கலாம். ஆனால் மரச்சாறு மேலே ஊறி வெள்ளையை மஞ்சளாக்கிவிடும். சாறு ஊறாமல் தடுக்க அரக்கு சீலர் ஒரு கை (ஒரு பூச்சு) கொடுத்துவிட்டுப் பெயின்ட்டுக்குப் போக வேண்டும்.

பழைய மெழுகு இருந்தால் டர்பன்டைன் வைத்து முழுக்கத் துடைத்தெடுக்க வேண்டும், மெழுகின்மேல் எதுவும் ஒட்டாது. அதனால்தான் பெயின்ட், அது நன்றாகக் காய்ந்த பிறகு கிளேஸ், எல்லாம் முடிந்து மெழுகு. நம் ஊரில் ஆனி, ஆடிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் ஒவ்வொரு கையும் காய டப்பாவில் போட்டிருக்கும் நேரத்தைவிடக் கூடுதல் நேரம் எடுக்கும். அவசரப்படுத்தினால் கிளேஸ் தேய்க்கும்போது அடிப் பெயின்ட்டும் சேர்ந்து உரிந்து வரும்.

கடைசியாக ஒன்று. மரத்துக்கு ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காற்றோடு சேர்ந்து தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியில் விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய மூடி போட்ட தகர டப்பாவில் போட்டு வையுங்கள்.