சோக்: குழல்வாய் ஒடுக்கம்

சன்னத் துப்பாக்கியின் குழல், அதன் வாயை நெருங்கும் இடத்தில் மயிரளவு குறுகியிருக்குமானால் அந்தக் குறுக்கத்தைச் ‘சோக்’ என்பர். தமிழில் இதற்குக் ‘குழல்வாய் ஒடுக்கம்’ என்பது பொருந்தும். பேசப்படும் பொருள் தெளிவாக இருக்குமிடத்தில் ‘ஒடுக்கம்’ என்று மட்டும் சொன்னாலும் போதும். ஒரே வெடியில், சன்னம் எனப்படும் சிறு ஈய உருண்டைகளை நூற்றுக்கணக்கில் அனுப்பும் துப்பாக்கியில், அவை எவ்வளவு தூரம் வரை கூட்டம் கலையாமல் செல்லும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது இந்த ஒடுக்கமே.

பழைய ஆங்கிலத்தில் கன்னத்தையும் தாடையையும் குறித்த ஒரு சொல்லிலிருந்து பிறந்து, தொண்டை அடைபட்டு மூச்சுத் திணறுவதைக் குறிக்கலான வினைச்சொல்லே ‘சோக்’ ஆகும். குழல்விளக்கில் மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் சோக்கும், மோட்டார் சைக்கிளில் காற்றைக் குறைக்கும் சோக்கும் இதன் வழிவந்தவையே. (‘சோக்கான சட்டை’ என்னும்போது வரும் சோக்கு அரபியில் பிறந்து உருது வழியாக வந்த வேறு சொல்.) வேர்ப்பொருளை அப்படியே பற்றிக்கொண்டு அடைப்பு, தடை, நெரிப்பு என்றெல்லாம் தமிழாக்கினால் துப்பாக்கியைப் பொறுத்தவரை பொருள் பிழைபடும். ஏனெனில் குழலில் உண்மையாகவே அடைப்பு இருந்தால் குழல் பிளந்து சுட்டவரையே காயப்படுத்தும். வழி திறந்தே இருந்து, அகலம் மட்டும் சுருங்குவதற்கு ஒடுக்கம் என்பதே நேரான சொல்.

ஒடுக்கத்தின் அளவு மிகச் சிறியது. உருக்கிய ஓர் இறாத்தல் ஈயத்தை 12 சம உருண்டைகளாக வார்த்தால் ஓர் உருண்டை எந்தக் குழலில் சரியாகப் பொருந்துமோ அதுவே 12 போர்க் குழல். அதன் உள்விட்டம் 0.729 அங்குலம். வாயில் இதைவிட 0.010 அங்குலம் குறைந்தால் சிற்றொடுக்கம் எனலாம், 0.020 குறைந்தால் நடுவொடுக்கம், 0.035 அளவில் குறைந்தால் முழு ஒடுக்கம். எதுவும் குறையாவிட்டால் நேர்குழல். 40 கெஜத் தொலைவில் 30 அங்குல விட்டமுள்ள வட்டம் வரைந்து சுட்டால், நேர்குழலின் சன்னங்களில் ஏறத்தாழ 40 விழுக்காடும் முழு ஒடுக்கத்தின் சன்னங்களில் 70 விழுக்காடும் அவ்வட்டத்துக்குள் விழும் என்பது நெடுநாளாக வழங்கிவரும் கணக்கு.

அமெரிக்க வான்கோழி வேட்டையில் இந்த வேறுபாடு பெரிதாகிறது. இளவேனிற் பருவத்தில் பெட்டையின் குரலைப் போலிசெய்து சேவலை அருகே வரவழைக்கும் வேட்டைக்காரர், அதன் உடலைக் குறிவைப்பதில்லை. தடித்த இறகும் நெஞ்சுத் தசையும் சன்னத்தின் வேகத்தைத் தின்றுவிடுவதால் பறவை காயத்தோடு தப்பிப் போய்ச் சாக நேரும். தலையும் கழுத்துமே குறி. அவ்வளவு ஒடுங்கிய இலக்கில் ஒருசேரப் பல சன்னங்கள் பட வேண்டுமானால் கூட்டம் நெருக்கமாக இருந்தாக வேண்டும். ஆகையால் மற்றப் பறவை வேட்டையில் நேர்குழலே போதும் என்பவர்கூட இதற்கு முழு ஒடுக்கத்தையோ அதனினும் மிகுந்த ஒடுக்கத்தையோ தேடுவார்.

வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஈழத்தில் இடியன் என்று சொல்லப்படும் இவ்வகைத் துப்பாக்கியில், சன்னம் வெளியேறும் வாயே கரிமருந்தும், மருந்துக்கும் சன்னத்துக்கும் இடையே வைக்கும் தக்கையும் உள்ளே போகும் வாயும் ஆகும். இங்கிலாந்தின் துப்பாக்கித் தயாரிப்பாளர் பேப் 1866இலும் அமெரிக்காவின் கண்டுபிடிப்பாளர் ரோப்பர் 1868இலும் ஒடுக்கத்துக்குக் காப்புரிமை பெற்றனர். பர்மிங்காமின் துப்பாக்கித் தயாரிப்பாளர் கிரீனர் அதைச் செம்மைப்படுத்திப் பரப்பியது 1870களில். அதற்குள் பின்புறம் தோட்டா போடும் துப்பாக்கி வந்துவிட்டபடியால், பழைய இடியன்களில் பெரும்பாலானவை நேர்குழலாகவே நின்றுவிட்டன. இன்று அவ்வகையில் ஒடுக்கம் வேண்டுவோர், தக்கை எப்படி உள்ளே போகும் என்ற கேள்விக்கு முதலில் விடை காண வேண்டும். மருந்துக்கு மேல் வைக்கும் கெட்டி அட்டை குழலின் முழு அகலத்துக்கும் பொருந்தாவிட்டால், வெடிப்புகை ஓரம் வழியே பீறிட்டுச் சன்னக் கூட்டத்தைக் கலைத்துவிடும். பொருந்தும் அட்டையோ ஒடுங்கிய வாயில் நுழையாது. நிலையான ஒடுக்கமுள்ள குழலை வைத்திருப்போர் அட்டையைச் சாய்த்து நுழைத்து, ஒடுக்கத்தைக் கடந்தபின், மருந்தை இடித்து இறக்கும் கெஜக்கோலால் தட்டிப் படுக்கவைக்கின்றனர். பழகினால் வருவதே என்றாலும், அட்டை உள்ளே சரிந்து கிடப்பது வெளியிலிருந்து தெரியாது என்பதால் எனக்கு இம்முறையில் நம்பிக்கை குறைவு.

இரண்டாவது வழி, கழற்றி மாட்டும் ஒடுக்கம். வாயில் மறை வெட்டி, குறுகிய சிறு குழாயைத் திருகிச் செருகுவார்கள். கெட்டிக்கும்போது அதைக் கழற்றிவிட்டு, கெட்டித்தபின் மீண்டும் பூட்டுவார்கள். வான்கோழிக்கென்றே வந்த நைட் நிறுவனத்தின் டி.கே. 2000 இவ்வகையைச் சேர்ந்தது. கை வாய்க்கு அருகே வேலைசெய்யும் முறையாதலால், சுத்தியல் அடித்ததும் மருந்தைப் பற்றவைக்கும் வெடிக்கேப்பை எல்லாம் முடிந்த பிறகே வைக்க வேண்டும். குழாயைப் பூட்ட மறந்து சுட்டால் மறை கெடும்.

மூன்றாவது, குட ஒடுக்கம். இதில் வாய் குறுக்கப்படுவதே இல்லை. வாயிலிருந்து ஏறத்தாழ ஓர் அங்குலம் உள்ளே தொடங்கிச் சில அங்குல நீளத்துக்குக் குழலின் உட்சுவரை இழைத்து வயிறுபோல் அகலப்படுத்துகிறார்கள். சன்னக் கூட்டம் அந்த அகலத்திலிருந்து பழைய அளவுள்ள வாய்க்குள் புகும்போது ஒடுங்குகிறது. தக்கைக்கோ வாய் முழு அகலத்தில் திறந்திருக்கிறது. வாயைப் பிடித்து நெரிப்பதாகப் பொருள்படும் எந்தச் சொல்லும் இதற்குப் பொருந்தாது; முன்னிருந்த அகலத்தை நோக்கச் சுருங்குதல் என்னும் பொருளில் ஒடுக்கம் பொருந்துகிறது. இழைக்கும் அளவுக்குச் சுவர் தடித்திருந்தால் மட்டுமே இது இயலும். பழைய மெல்லிய குழல்களில் கைவைக்கக் கூடாது. வயிற்றுப் பகுதியில் கரிமருந்தின் கசடு தேங்குமாதலால் துடைப்பதிலும் கவனம் வேண்டும்.

வான்கோழிக்காகவே புதிய குழல் வாங்குவோருக்குக் கழற்றி மாட்டும் வகை ஏற்றது. தடித்த சுவருள்ள நேர்குழலை ஏற்கெனவே வைத்திருப்போருக்குக் குட ஒடுக்கம் நல்லது. எதுவாயினும் மருந்தின் அளவு மிகுந்தால் ஒடுக்கத்தின் பயன் கெடும். மருந்தையும் சன்னத்தையும் ஒரே கொள்ளளவில் அளந்து தொடங்கி, மருந்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் விரித்த தாளில் சுட்டுப் பார்ப்பது வழக்கம். தலையளவு வட்டத்துக்குள் விழுந்த துளைகளை எண்ணி, எந்தத் தொலைவில் அவை இடைவெளி விடத் தொடங்குகின்றனவோ அதற்கு அப்பால் அந்தத் துப்பாக்கியால் சேவலைச் சுடலாகாது.