தண்டுவடம்: எலும்பு முறியும், வடம் நசுங்கும்

தை பிறந்துவிட்டால் எங்கள் பாலக்கோடு பக்கம் புளி உலுக்கும் வேலை தொடங்கிவிடும். ஆண்கள் மரமேறிக் கிளையை உலுக்குவார்கள், பெண்கள் கீழே பொறுக்குவார்கள். அப்படி உலுக்கப் போன என் சித்தப்பா சில வருடங்களுக்கு முன் மரத்திலிருந்து மல்லாக்க விழுந்தார். ஆஸ்பத்திரியில் "தண்டுவடத்துல அடி" என்றார்கள். முதுகெலும்பைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று வீட்டில் எல்லோரும் எடுத்துக்கொண்டோம். "எலும்புதானே, கூடிடும்" என்று சித்தி எல்லோருக்கும் தைரியம் சொன்னார். மூன்று மாதத்தில் எலும்பு கூடிவிட்டது. கால் மட்டும் வரவில்லை.

தண்டுவடம் எலும்பு இல்லை, எலும்புக்குள் ஓடும் நரம்புக் கயிறு. மூளையின் அடியில் தொடங்கி, முதுகெலும்புகளின் நடுவே உள்ள துளை வழியாக இறங்குகிறது. சுண்டுவிரல் பருமன், வளர்ந்த ஆணுக்குச் சுமார் 45 செ.மீ. நீளம், எடை 35 கிராம் அளவுதான். வாழைமரத்தைப் பட்டை பட்டையாக உரித்தால் நடுவில் வெள்ளையாக ஒரு தண்டு வரும் அல்லவா, கிட்டத்தட்ட அப்படித்தான் இதுவும் எலும்புக்கும் மூன்று உறைகளுக்கும் உள்ளே பத்திரமாக இருக்கிறது. செய்திகளில் "தண்டுவடம் உடைந்தது" என்று எழுதுகிறார்கள். எலும்புதான் உடையும், முறியும். வடம் நசுங்கும், கிழியும், அறும். வினைச்சொல்லைச் சரியாகப் போட்டாலே பாதிக் குழப்பம் போய்விடும்.

சரி, சொல்லுக்கு வருவோம். தண்டுவடத்தின் ஆங்கிலப் பெயரான 'ஸ்பைனல் கார்டு' என்பதில் 'ஸ்பைனா' லத்தீன் சொல், பொருள் முள். ஒல்லியான பிள்ளையின் முதுகை மேலிருந்து கீழாகத் தடவினால் வரிசையாக முட்கள் தட்டுப்படும். அதே விரல், அதே முதுகு, அதனால் தமிழிலும் அதே பெயர்: முள்ளந்தண்டு. 'கார்டு' கிரேக்கத்தின் 'கோர்டே'யிலிருந்து வந்தது. விலங்கின் குடலை முறுக்கி இசைக்கருவிக்குக் கட்டும் தந்திக்கு அந்தப் பெயர். நம் பழைய தமிழில் யாழில் கட்டிய தந்திக்கு என்ன பெயர்? நரம்பு. இதை முதலில் கவனித்த நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

தமிழில் இதற்கு இரண்டு நல்ல சொற்கள் உண்டு. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் 'முண்ணாண்'. முள் + நாண், புணர்ச்சியில் முண்ணாண். வில்லின் நாண் போல முள்ளெலும்பை ஒட்டி ஓடுவது என்று படம் சட்டென்று கண்ணில் நிற்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'தண்டுவடம்'. தண்டு என்பது முதுகுத்தண்டு, வடம் என்பது பல புரிகளை முறுக்கிய பெரிய கயிறு. தருமபுரி குமாரசாமிப்பேட்டையில் தைப்பூசத்துக்குப் பெண்களே பிடித்து இழுக்கிறார்களே, அந்தத் தேர்வடம்தான். முண்ணாண் அழகான சொல் என்றாலும் என் ஓட்டு தண்டுவடத்துக்கே. நாண் ஒற்றைக் கயிறு. இதுவோ புரி புரியாகப் பிரிகிறது, ஒவ்வொரு புரிக்கும் ஒரு தனி வேலை இருக்கிறது. அதை 'வடம்' சொல்கிறது, 'நாண்' சொல்லவில்லை.

பழைய மருத்துவர்களுக்கும் எங்கள் வீட்டைப் போலவே ஒரு மயக்கம் இருந்தது. எலும்புக்குள் வெள்ளையாக, மெத்தென்று இருப்பதைப் பார்த்து அதை எலும்பு மஜ்ஜை என்று நினைத்தார்கள். லத்தீனில் இதன் பெயர் 'மெடுல்லா ஸ்பைனாலிஸ்', அதாவது முதுகு மஜ்ஜை. கிரேக்கத்தில் மஜ்ஜைக்கு 'மியெலோஸ்'. தமிழிலும் மூளை என்ற சொல்லுக்குத் தலையில் இருப்பது, எலும்புக்குள் இருப்பது என இரண்டு பொருளும் உண்டு. அந்த மியெலோஸ்தான் இன்றைக்கு ஸ்கேன் அறிக்கையில் 'மைலோபதி' என்று வருகிறது. 'மஜ்ஜைக் கோளாறு' என்று யாராவது மொழிபெயர்த்துச் சொன்னால் நம்ப வேண்டாம், அது தண்டுவடப் பாதிப்பு.

இனி புரிகளின் கதை. மரத்திலிருந்து விழுந்த பிறகு சித்தப்பா இரண்டு குறைகளைச் சொல்லிக்கொண்டே இருந்தார். "இடது கால் தூக்க வரல. வலது கால் மரத்துப்போச்சு." இரண்டு காலிலும் வேறு வேறு கோளாறா என்று வீட்டில் யாருக்கும் பிடிபடவில்லை. ஒருநாள் வலது காலில் சுடுதண்ணீர் பட்டுக் கொப்பளித்திருந்தது. அவருக்கு அது தெரியவே இல்லை.

'வரல' என்பதும் 'மரத்துப்போச்சு' என்பதும் இரண்டு தனித்தனி வடப்புரிகளின் செய்தி. வடத்தை வாழைக்காய் போலக் குறுக்கே அரிந்து பார்த்தால் நடுவில் பட்டாம்பூச்சி வடிவில் சாம்பல் நிறம், சுற்றிலும் வெள்ளை. நரம்புச் செல்களின் உடல்கள் சாம்பலில் இருக்கின்றன. மேலும் கீழும் ஓடும் நீண்ட இழைகள் வெள்ளையில். வடத்தின் இருபுறமும் 31 இணை நரம்புகள் கிளைக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு வேர், பின்னால் ஒரு வேர். பின்வேர் வழியாக உணர்வு உள்ளே வருகிறது, முன்வேர் வழியாகக் கட்டளை வெளியே போகிறது. 1811-இல் சார்லஸ் பெல்லும் 1822-இல் பிரான்சுவா மஜான்டியும் செய்த வேலையால் இது உறுதியானது.

பாடநூலில் 'உணர்ச்சி நரம்பு' என்று இருக்கும். உணர்ச்சி என்றால் இப்போது அழுகையும் கோபமும்தான் நினைவுக்கு வருகின்றன. அதனால் 'உணர்வுப் பாதை' என்று சொல்வதே தெளிவு. 'மோட்டார் பாதை' என்றால் எங்கள் ஊரில் போர்க்கிணற்று மோட்டார்தான் முதலில் வரும். லத்தீனில் அதற்கு 'அசைப்பது' என்று பொருள். ஆகவே 'இயக்கப் பாதை'.

இந்தப் பாதைகள் எங்கே பக்கம் மாறுகின்றன என்பதில்தான் சித்தப்பாவின் புதிருக்கு விடை இருக்கிறது. மூளையிலிருந்து இறங்கும் முக்கிய இயக்கப் பாதையில் பத்தில் ஒன்பது பங்கு இழைகள் வடத்துக்குள் நுழையும் முன்பே, மூளையின் அடிப்பகுதியான முகுளத்திலேயே பக்கம் மாறிவிடுகின்றன. அதனால் வடத்தின் இடது பாதி இடது காலை ஆட்டுகிறது. வலியும் சூடும் ஏறும் பாதை அப்படியில்லை. வடத்துக்குள் நுழைந்து ஓரிரு கட்டம் ஏறியதுமே எதிர்ப்பக்கம் தாண்டிவிடும். வலது காலின் சூடு வடத்தின் இடது பாதி வழியாகத்தான் மேலே போகிறது. மென்தொடுகை, அதிர்வு, கண்ணை மூடியிருந்தாலும் கால் எங்கே இருக்கிறது என்ற அறிவு, இவை மூன்றாவது பாதை. வடத்தின் பின்பக்கமாக அதே பக்கத்திலேயே ஏறி, முகுளத்தில் போய்த்தான் மாறும். சித்தப்பாவுக்கு நசுங்கியது இடது பாதி. அதனால்தான் இடது கால் வரவில்லை, வலது காலுக்குச் சூடு தெரியவில்லை. 1850-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதை விளக்கிய பிரௌன்-சேக்கார் என்ற மருத்துவரின் பெயரிலேயே இந்த நிலையை அழைக்கிறார்கள்.

இளம்பிள்ளை வாதத்தை நினைத்துப் பாருங்கள். கால் சூம்பிப்போன பிள்ளையைக் கிள்ளினால் வலிக்கும். போலியோ வைரஸ் தாக்குவது சாம்பல் பகுதியின் முன்பக்க நீட்சியான முன்கொம்பில் உள்ள இயக்கச் செல்களை, உணர்வுப் பாதை தப்பித்துவிடுகிறது. 'போலியோ' என்ற கிரேக்கச் சொல்லுக்கே சாம்பல் என்றுதான் பொருள்.

எனக்கு இன்னும் ஆறாதது ஒன்று உண்டு. அன்று நாங்கள் சித்தப்பாவின் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் உட்காரவைத்துக் கொண்டுபோனோம். முறிந்த எலும்பு அப்படி மடக்கும்போது வடத்தை மேலும் நசுக்கலாம். விழுந்தவரை அசைக்காமல், கழுத்தையும் முதுகையும் ஒரே நேராக வைத்து, பலகையில்தான் ஏற்ற வேண்டும். 108-க்குச் சொல்லிவிட்டுக் காத்திருப்பதே நல்லது.

கடைசியாக ஒரு சொல், குதிரைவால். கருவில் மூன்றாம் மாதம் வரை வடமும் எலும்பும் ஒரே நீளம். பிறகு எலும்பு வேகமாக வளர, வடம் பின்தங்கிவிடுகிறது. வளர்ந்தவர்களுக்கு முதுகெலும்பின் இடுப்புப் பகுதியில் முதல் இரண்டு கணுக்களோடு வடம் முடிந்து, அதற்குக் கீழே நரம்பு இழைகள் கற்றையாகத் தொங்குகின்றன. லத்தீனில் 'காடா எக்குயினா', நேர்ப்பொருளே குதிரைவால்தான். பிரசவ ஆபரேஷனுக்கு முதுகில் ஊசி போடுவது பெரும்பாலும் மூன்றாம், நான்காம் கணுவுக்கு நடுவில்.

போன வருடம் சித்தப்பாவின் மகள் அந்த ஊசிக்குப் பயந்து அழுதபோது, ஊன்றுகோலோடு பக்கத்தில் நின்ற சித்தப்பாதான் சொன்னார்: "அங்க வடம் இல்ல கண்ணு, அது மேலயே முடிஞ்சிடுது. கீழ இருக்கறது குதிரைவாலு, ஊசி வந்தா வெலகிக்கும்."