மூன்றாவது பாட்டிலில்தான் சிக்கல்: வெளிநாட்டிலிருந்து வைன் கொண்டுவருவோர் கவனத்துக்கு

வெளிநாடு போய்விட்டு இந்தியா திரும்பும் பயணி ஒருவர் 2 லிட்டர் வரை மது வரியில்லாமல் கொண்டுவரலாம். வைனுக்குத் தனி, விஸ்கிக்குத் தனி என்று கிடையாது. எல்லாம் சேர்த்து 2 லிட்டர். சுங்கத்துறையின் பேக்கேஜ் விதி இவ்வளவுதான். சென்னையிலும் திருச்சியிலும் ஆட்கள் மாட்டிக்கொள்வதெல்லாம் பாட்டில் கணக்கில்.

வைன் பாட்டில் பெரும்பாலும் 750 மில்லி. இரண்டு வாங்கினால் 1.5 லிட்டர். ‘இன்னும் அரை லிட்டர் இருக்கிறதே’ என்று மூன்றாவதைக் கூடையில் போட்டால் 2.25 ஆகிவிடும், வரம்பு தாண்டியாயிற்று. மிச்சத்தை விடமனசில்லாதவர்கள் 375 மில்லி அரை பாட்டில் ஒன்று சேர்த்துக்கொள்ளலாம், மொத்தம் 1.875. பெட்டியில் ஏற்கெனவே ஒரு லிட்டர் விஸ்கி இருந்தால் முழு வைன் பாட்டில் ஒன்றோடு நிறுத்திவிடுங்கள்.

‘ஐந்து லிட்டர் வரைக்கும் விடுவார்கள்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த 5 லிட்டர் விமானப் பாதுகாப்புக்கான வரம்பு. அதுவும் 24 சதவீதத்துக்கு மேல் 70 சதவீதம் வரை ஆல்கஹால் உள்ள சரக்குக்கு. வைன் 12 முதல் 15 சதவீதம்தான் என்பதால் அந்த வரம்புக்குள்ளேயே வராது. விமான நிறுவனம் எத்தனை பாட்டிலை ஏற்றிக்கொண்டாலும் இறங்குமிடத்தில் சுங்கக் கணக்கு 2 லிட்டர்தான்.

இறங்கிய பிறகு, பெட்டி எடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் டூட்டி ஃப்ரீ கடை இன்னொரு கண்ணி. அங்கே வாங்குவதும் அதே 2 லிட்டரில்தான் சேரும். சிங்கப்பூரில் இரண்டு பாட்டில் வாங்கியவர் இங்கே வந்து ‘ஆஃபர்’ பார்த்து ஒரு லிட்டர் வாங்கினால், கடைக்காரர் பில் போட்டுக் கொடுத்துவிடுவார். பத்தடி தள்ளி நிற்கும் அதிகாரி அதையும் சேர்த்தே எண்ணுவார்.

குடும்பத்தோடு வருபவர்கள் ஆளுக்கு 2 லிட்டர் என்பதை மொத்தமாகக் கூட்டி ஒரே பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். ஒருவர் சலுகையை இன்னொருவர் சலுகையோடு சேர்க்க விதி இடம் தரவில்லை. மனைவி குழந்தையோடு முன்னால் வெளியே போயிருக்க, நான்கு பாட்டிலோடு டிராலியைத் தள்ளிக்கொண்டு வரும் கணவர் கணக்கில் நான்கும் ஏறும். அவரவர் பங்கு அவரவர் பெட்டியில், அவரவர் பில்லோடு இருக்கட்டும். பிள்ளைகள் பெயரில் கணக்குக் காட்டவே வேண்டாம். தமிழ்நாட்டில் மது வாங்கும் வயது 21. ‘ஊரில் கொடுத்துவிடுங்கள்’ என்று அடுத்தவர் நீட்டும் பாட்டிலும் உங்கள் தலையில்தான் விழும். அடிக்கடி போய்வருபவர் என்றால் ‘குருவி’ (கூலிக்குக் கடத்தல் சாமான் சுமப்பவர்) என்ற சந்தேகம் வேறு.

வரம்பு தாண்டிய வைனுக்குச் சுங்க வரியும் வேளாண் செஸ்ஸும் சேர்த்து 150 சதவீதம். 2,000 ரூபாய் வைனுக்கு வரி மட்டும் 3,000. மற்ற சாமான்களுக்கான பேக்கேஜ் வரி விகிதம் இதற்குப் பொருந்தாது. வாங்கிய பில் கையில் இல்லையென்றால் விலையை அதிகாரிதான் நிர்ணயிப்பார், அது நீங்கள் கொடுத்த விலையாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வரம்புக்குள் இருக்கும் 2 லிட்டரும் விலைக் கணக்கிலிருந்து தப்பாது. அதன் மதிப்பு, எல்லாச் சாமானும் சேர்த்து வரியில்லாமல் கொண்டுவர உங்களுக்குள்ள பொதுச் சலுகைத் தொகைக்குள் சேரும். புது போன், மற்ற சாமான்களோடு விலையுயர்ந்த வைனும் கொண்டுவருகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

வரம்பு தாண்டியது தெரிந்தால் பேசாமல் சிவப்பு வழியில் போய் அதிகாரியிடம் சொல்லிவிடுங்கள். பச்சை வழியில் நுழைந்தாலே ‘என்னிடம் வரி கட்ட வேண்டிய பொருள் இல்லை’ என்று சொன்னதாகத்தான் அர்த்தம். அங்கே பிடிபட்டால் வரி கட்டினால் போதும் என்ற கட்டம் தாண்டிவிடும். பறிமுதல், பொருளைத் திரும்பப் பெற மீட்பு அபராதம், தனி அபராதம் என்று நீளும். சொல்லிவிட்டு வந்தவருக்கு இன்னொரு வசதியும் உண்டு. வரி கட்ட மனமில்லையென்றால், திரும்ப வெளிநாடு போகும்போது எடுத்துக்கொள்கிறேன் என்று பொருளை அங்கேயே நிறுத்திவைக்கக் கேட்கலாம். சுங்கச் சட்டம் 80ஆம் பிரிவு. கவுன்ட்டரில் யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

‘பாட்டிலை வெச்சிட்டுக் கிளம்புங்க’ என்று வாய்மொழியாகச் சொன்னால் கிளம்பிவிடாதீர்கள். பொருளை நிறுத்திவைத்ததற்கு ரசீது கேளுங்கள், வரி கட்டினால் வரி ரசீது கேளுங்கள். எழுத்தில் உத்தரவு வந்தால் 60 நாளுக்குள் ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம். காகிதமே இல்லையென்றால் எதை வைத்து முறையிடுவது? ஒரு பாட்டிலுக்காக மேல்முறையீடு வரை அலைவது வீண் என்பது வேறு விஷயம். ஆனால் ரசீது கேட்கிறவரிடம் பேச்சின் தொனி மாறும்.

மும்பையிலோ டெல்லியிலோ இறங்கி உள்நாட்டு விமானம் மாறுபவர்களுக்குச் சுங்கச் சோதனை பெரும்பாலும் அங்கேயே முடியும். சீல் வைத்த டூட்டி ஃப்ரீ பையைக் கையிலேயே வைத்திருந்தால் உள்நாட்டுப் பாதுகாப்புச் சோதனையில் தகராறு வரலாம். பெட்டியை மறுபடி ஒப்படைப்பதற்கு முன்பே பாட்டிலை அதற்குள் வைத்துவிடுங்கள். துணி சுற்றி, பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, பெட்டியின் நடுவில். ஓரத்தில் வைத்தால் பெல்ட்டில் விழும் அடி நேராகக் கண்ணாடியில் படும். குஜராத்தும் பீகாரும் மதுவிலக்கு மாநிலங்கள், அந்தப் பக்கம் போகிறவர்கள் பாட்டிலே எடுக்காமல் இருப்பது நல்லது.

விமான நிலையத்தைத் தாண்டினால் மாநிலப் போலீஸ். கொச்சியிலோ பெங்களூரிலோ இறங்கி சாலை வழியாக ஊர் வருபவரிடம், டாஸ்மாக் லேபிள் இல்லாத பாட்டிலைப் பார்த்தால் கேள்வி வரும். வாங்கிய பில், போர்டிங் பாஸ், வரி கட்டியிருந்தால் அந்த ரசீது மூன்றையும் பாட்டிலோடு அதே பையில் வையுங்கள். போர்டிங் பாஸை விமான நிலையக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வெளியே வருகிறவர்கள்தான் அதிகம்.