‘கோடீன் கேட்கல’ என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை

மரபணு அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, “மார்ஃபின், கோடீன் போன்ற ஓபியாய்டு வலிநிவாரணி எடுத்தால் நான் அடிமையாகிவிடுவேனா?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கான பதில் அந்தத் தாளில் இல்லை. இருக்கும் பயனுள்ள தகவலோ வேறு பக்கத்தில் இருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை.

எல்லோரும் பேசும் மரபணு ஓபிஆர்எம்1. மார்ஃபினும், நம் உடலே சுரக்கும் எண்டார்ஃபினும் வந்து ஒட்டும் மியூ ஏற்பியை உருவாக்குவது இதுதான். இதன் 118-ஆவது எழுத்தில் ‘ஏ’ இருக்கவேண்டிய இடத்தில் ‘ஜி’ இருந்தால் ஏற்பியின் 40-ஆவது அமினோ அமிலம் மாறிவிடும். இந்த மாற்றத்தால் எண்டார்ஃபின் மூன்று மடங்கு இறுக்கமாகப் பிடிக்கிறது என்று 1998-இல் ஓர் ஆய்வு சொன்னது. பின்வந்த சோதனைகள் பலவற்றில் அது உறுதிப்படவில்லை. ‘ஜி’ உள்ளவர்களுக்குக் குடியை நிறுத்த நால்ட்ரெக்ஸோன் நன்றாக வேலை செய்யும் என்ற நம்பிக்கையும், மரபணு வகைப்படி ஆட்களைப் பிரித்து நடத்திய சோதனையில் கரைந்துபோனது.

இன்னொரு சிக்கல். ‘ஜி’ எழுத்து தெற்காசியரிடமும் கிழக்காசியரிடமும் சுமார் 40 சதவீதம், ஐரோப்பியரிடம் 15 சதவீதத்தை ஒட்டி, ஆப்பிரிக்கரிடம் 1 சதவீதம் அளவில்தான். இப்படிப்பட்ட எழுத்துகளைக் கூட்டிக் கழித்து ‘ஆபத்து மதிப்பெண்’ போட்டால், அது அடிமைத்தனத்தை அளக்காமல் ஒருவருடைய முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்பதை அளந்துவிடும். 2023 டிசம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்த, 15 மரபணு இடங்களைப் பார்த்து ஓபியாய்டு அடிமைத்தன ஆபத்தைக் கணிக்கும் பரிசோதனை மீது வல்லுநர்கள் வைத்த முக்கியமான குறையே இதுதான். அதற்கு முந்தைய ஆண்டு எஃப்.டி.ஏ.வின் ஆலோசனைக் குழு 11-க்கு 2 என்று அதற்கு எதிராக வாக்களித்திருந்தது.

பரம்பரைக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. இரட்டையர் ஆய்வுகளின்படி அடிமையாகும் வாய்ப்பில் ஏறத்தாழ பாதி பரம்பரையைச் சேர்ந்தது. ஆனால் அந்தப் பாதி எண்ணற்ற மரபணுக்களில் துளித்துளியாகச் சிதறிக் கிடக்கிறது. அதனால்தான், “அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள் யாருக்காவது குடி, போதைப் பழக்கம் உண்டா?” என்ற ஒற்றைக் கேள்வி இப்போதைக்கு எந்தப் பரிசோதனையையும் விட நம்பகமானது.

அறிக்கையில் பார்க்கவேண்டிய வரி சிஒய்பி2டி6. இது மூளையின் மரபணு அல்ல, கல்லீரல் நொதியின் மரபணு. கோடீன் தன்னளவில் வலியைப் பெரிதாகக் குறைக்காது. இந்த நொதி அதில் 5 முதல் 10 சதவீதத்தை மார்ஃபினாக மாற்றினால்தான் வலி அடங்கும். 30 மி.கி. மாத்திரை ஒன்று என்றால், கிடைப்பது 1.5 முதல் 3 மி.கி. மார்ஃபின். நொதியே வேலை செய்யாதவருக்கு இது கிட்டத்தட்ட பூஜ்யம். அவர் “மாத்திரை கேட்கவே இல்லை, வேறு கொடுங்கள்” என்பார். கேட்பவர் காதில் அது போதைக்கு அலைவதுபோல விழும். கோப்பிலும் அப்படியே எழுதிவிடுவார்கள். அந்த ஒரு வரி அடுத்தடுத்த மருத்துவர்களிடமும் அவரைத் துரத்தும்.

இந்த மரபணுவின் பிரதிகள் கூடுதலாக உள்ளவருக்கு நேரெதிர்: அதே மாத்திரையில் மார்ஃபின் மளமளவென்று ஏறி மூச்சு மந்தமாகும். டான்சில் அறுவை சிகிச்சைக்குப் பின் கோடீன் கொடுத்த குழந்தைகள் சிலர் இப்படி இறந்த பிறகுதான் 2013-இல் எஃப்.டி.ஏ. கடும் எச்சரிக்கை விதித்தது. 2017-இல் 12 வயதுக்குட்பட்டோருக்குக் கோடீனும், இதே நொதியை நம்பியிருக்கும் இன்னொரு ஓபியாய்டான டிரமடாலும் கூடாதென்றே சொல்லிவிட்டது. பாலூட்டும் தாய் இவற்றைத் தவிர்ப்பதே நல்லது. ஏற்கெனவே எடுத்திருந்து, குழந்தை வழக்கத்துக்கு மாறாகத் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சு சிரமப்பட்டாலோ உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோக வேண்டும்.

மரபணு நன்றாக இருந்தும் நொதி முடங்கலாம். மனச்சோர்வுக்குத் தரும் பராக்ஸெடின், ஃப்ளுவாக்ஸெடின், புப்ரோபியான் மூன்றும் சிஒய்பி2டி6-ஐத் தடுப்பவை. இவற்றோடு டிரமடால் சேர்ந்தால் வலி குறையாது. வலிப்பு வரும் ஆபத்துதான் கூடும். ஆகவே ‘கேட்கவில்லை’ என்றால் அளவைக் கூட்டுவதற்கு முன் மருந்துப் பட்டியலைப் பாருங்கள். இந்த நொதியை நம்பியிராத மார்ஃபினோ, ஓபியாய்டு அல்லாத வலிநிவாரணியோ பொருத்தமாக இருக்கலாம். மாற்றுவதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

ஏற்பி எந்த வகையாக இருந்தாலும் தினமும் எடுத்தால் உடல் மருந்துக்குப் பழகும். நிறுத்திய சில நாட்களிலேயே உடலின் அந்தத் தாங்கும் திறன் இறங்கத் தொடங்கும். சிகிச்சை மையத்திலிருந்து திரும்பியவர் பழைய அளவையே ஒருமுறை எடுத்தால் மூச்சு நின்றுபோவது இதனால்தான். கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கி, உதடு நீலமாகி, உலுக்கினாலும் எழாவிட்டால் ஆம்புலன்ஸை அழைத்து, ஓபியாய்டின் விளைவை முறிக்கும் மருந்தான நலாக்ஸோன் கொடுக்க வேண்டும். 30 முதல் 90 நிமிடங்களில் நலாக்ஸோனின் வேகம் தணிந்துவிடும். ஓபியாய்டோ உடலில் இன்னும் இருக்கும். எழுந்து உட்கார்ந்துவிட்டாரே என்று தனியாக விட்டுவிடாதீர்கள்.