ஏ.எல். தொழினுட்பப் பிரிவு: மூன்றாவது பாடத்தை யோசித்து எடுங்கள்

ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) முடிவு வந்த கையோடு, ஏ.எல்.இல் (உயர்தரத்தில்) எந்தப் பிரிவு என்று வீட்டில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் கணிதமா, உயிரியலா, வர்த்தகமா, கலையா என்பதுதான். இலங்கையில் 2013இல் தொடங்கிய தொழினுட்பப் பிரிவை இன்னும் பலர் 'மற்றது கிடைக்காவிட்டால் பார்ப்போம்' என்று ஒதுக்கி வைக்கிறார்கள். அது அவ்வளவு சரியான பார்வை இல்லை. முதலில் அதன் அமைப்பைப் பார்ப்போம்.

மற்றப் பிரிவுகளைப் போலவே இங்கும் மூன்று பாடங்கள். பொறியியல் தொழினுட்பவியல், உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் (விவசாயம், உணவு சார்ந்தது) இரண்டில் ஒன்றை எடுக்க வேண்டும். 'தொழினுட்பவியலுக்கான விஞ்ஞானம்' எல்லோருக்கும் கட்டாயம். பௌதிகம், இரசாயனம், உயிரியல், கணிதம் எல்லாவற்றிலும் தேவையானதை எடுத்துக் கோத்த பாடம் அது. லேசாக இருக்கும் என்று நினைத்து வருகிற பிள்ளைகள் இந்தப் பாடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

மூன்றாவது பாடம் மாணவரின் தெரிவு. தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல், பொருளியல், புவியியல், ஆங்கிலம், கணக்கீடு, விவசாய விஞ்ஞானம், மனைப் பொருளியல், தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் என்று பட்டியல் நீளும். அதில் சித்திரமும் உண்டு. கீறுவதில் கெட்டிக்காரியான ஒரு பிள்ளை பொறியியல் தொழினுட்பவியல், தொழினுட்பவியலுக்கான விஞ்ஞானம், சித்திரம் என்று எடுக்கலாம். கலைப் பிரிவுக்குப் போனால்தான் சித்திரம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பல்கலைக்கழகத்தில் இந்தப் பிரிவுக்கென்று பொறியியல் தொழினுட்பம், உயிர்முறைமைகள் தொழினுட்பம், தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் என மூன்று பட்டநெறிகள் இருக்கின்றன. கடைசியாகச் சொன்னதற்கு மூன்றாவது பாடமாகத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலையே படித்திருக்க வேண்டும். சித்திரம் எடுத்த பிள்ளைக்கு அந்தக் கதவு திறக்காது. கம்பியூட்டர் துறைதான் ஆசை என்றால் இதைப் பாடத் தெரிவின்போதே முடிவு செய்ய வேண்டும். முடிவு வந்த பிறகு யோசித்துப் பயனில்லை. அதே மாதிரி, வழக்கமான பொறியியல் பட்டத்துக்கு இணைந்த கணிதமும் பௌதிகமும் இரசாயனமும் வேண்டும். 'பொறியியல்' என்ற பெயரைப் பார்த்துவிட்டு இந்தப் பிரிவுக்கு வந்து எஞ்சினியராகலாம் என்று எண்ணிவிடக் கூடாது.

ஏ.எல். படிக்க ஓ.எல்.இல் தாய்மொழி, கணிதம் உட்பட ஆறு பாடங்களில் சித்தியும், மூன்றிலாவது திறமைச் சித்தியும் (சி தரம்) வேண்டும் என்பது பொது விதி. எல்லாப் பாடசாலையிலும் இந்தப் பிரிவு கிடையாது. அதனால் விண்ணப்பிக்குமுன் ஆய்வுகூடம் இருக்கிறதா, ஆசிரியர் இருக்கிறாரா என்று நேரில் போய்க் கேளுங்கள். மின்சுற்று இணைப்பது, நில மட்டம் எடுப்பது எல்லாம் கையால் செய்து பழக வேண்டியவை. செய்முறைப் பரீட்சையும் உண்டு. கொப்பியைப் பாடமாக்கி அதைத் தாண்ட முடியாது.

பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று பாடத்திலும் சித்தி, பொதுச் சாதாரணப் பரீட்சையில் (ஓ.எல். அல்ல, ஏ.எல்.உடன் எழுதும் பொது அறிவுத் தாள்) குறைந்தது 30 புள்ளி, அப்புறம் இசட் புள்ளி (வெவ்வேறு பாடப் புள்ளிகளை ஒப்பிடக்கூடியதாக மாற்றிக் கணக்கிடும் புள்ளி). பொதுச் சாதாரணப் பரீட்சைப் புள்ளி இசட் புள்ளியில் சேராது, ஆனால் 30 இல்லாவிட்டால் மற்றது எவ்வளவு நன்றாக இருந்தும் அனுமதி இல்லை. மூன்று தடவைக்குள் எடுத்த பெறுபேறுதான் செல்லும். வடக்கில் யாழ். பல்கலைக்கழகத்தின் தொழினுட்ப பீடம் கிளிநொச்சியிலும், கிழக்கில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் தொழினுட்ப பீடம் ஒலுவிலிலும் இருக்கின்றன.

ஓ.எல். சித்தியே வரவில்லையா? 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தில் தொழிற்பிரிவு இருக்கிறது. அதற்கு ஓ.எல். பெறுபேறு தடையில்லை, முடிக்கும்போது என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) 4ஆம் மட்டச் சான்றிதழ் பெறலாம். எந்தப் பாடசாலையில் நடக்கிறது என்பதை வலயக் கல்வி அலுவலகத்தில் விசாரியுங்கள்.