பக்கத்து வீட்டு மரம்: வெட்டுவதற்கு முன் ஒரு கடிதம்

எல்லை மரத் தகராறோடு என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் கிளையை வெட்டிவிட்டுத்தான் வருகிறார்கள். ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் வழக்கே வேண்டியிருக்காது என்று எத்தனையோ முறை வருந்தியிருக்கிறேன்.

கிளை எந்தப் பக்கம் சாய்ந்தாலும், அடிமரம் யார் நிலத்தில் நிற்கிறதோ அவருக்கே மரம் சொந்தம். எல்லைக்கோட்டிலேயே நின்றால், பல நாடுகளில் அது இருவருக்கும் பொது. ஒருவர் மட்டும் முடிவெடுத்து வெட்ட முடியாது. சந்தேகம் இருந்தால் முதலில் அளந்து பாருங்கள். பல இடங்களில் சுவர் ஒன்றும் எல்லை வேறொன்றுமாக இருக்கிறது.

தாண்டி வந்த கிளையை நாமே வெட்டலாமா? ஆங்கிலச் சட்ட மரபில், 1894-இல் முடிந்த லெம்மன் - வெப் வழக்கிலிருந்து, வெட்டலாம். ஆனால் நம் நிலத்தில் நின்றபடி, எல்லை வரை மட்டும். வெட்டிய கிளையும் அதிலுள்ள காயும் மரத்துக்காரருடையவை. ஜெர்மனியில் முதலில் கெடு கொடுக்க வேண்டும். பிரான்சில் கிளையில் கை வைக்கவே கூடாது, மரத்துக்காரரைத்தான் வெட்டச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் எல்லை தாண்டிய வேரை அங்கே நாமே வெட்டலாம்.

வேர் விஷயத்தில்தான் எனக்குக் கவலை அதிகம். ஏற்கெனவே கசிகிற குழாய் இணைப்பைத் தேடித்தான் வேர் நுழையும். நல்ல குழாயை உடைப்பது அபூர்வம். களிமண் நிலத்திலோ, மரம் ஈரத்தை உறிஞ்ச மண் சுருங்கி அஸ்திவாரம் இறங்கலாம். ஆகவே நஷ்டஈடு கேட்கும் முன் ஒரு பொறியாளரை வைத்துக் காரணத்தை உறுதி செய்யுங்கள். தாங்குவேரை வெட்டி மரம் சாய்ந்தால் பொறுப்பு வெட்டியவர் தலையில் விழும். ராத்திரியில் ஆசிட் ஊற்றுவது அடுத்தவர் சொத்தை அழிக்கும் குற்றம். தயவுசெய்து அதை நினைக்கவே வேண்டாம்.

சரி, என்னதான் செய்வது? முதலில் நேரில் பேசுங்கள். அப்புறம் தேதியிட்ட புகைப்படங்களோடு ஒரு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். பட்டுப்போன மரம் விழுந்தால் நீதிமன்றம் முதலில் பார்ப்பது, ஆபத்து உரிமையாளருக்குத் தெரிந்திருந்ததா என்பதைத்தான். கடிதம் இருந்தால் ‘தெரியாது’ என்று அவர் சொல்ல முடியாது. அதே கடிதம் உங்களுக்கு வந்தால் ஓரமாக வைத்துவிடாதீர்கள், மரம் தெரிந்த ஒருவரை அழைத்துக் காட்டுங்கள்.

இருவரும் ஒத்துப்போனாலும், பாதுகாக்கப்பட்ட மரமா, வெட்ட அனுமதி தேவையா என்பதை உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டபிறகே ஆளை வரச் சொல்லுங்கள்.