புகைபோக்கி வழியே போகிற விறகு

மாசி மாதம், காலபோக அறுவடை முடிந்த கையோடு, கிளிநொச்சிப் பக்கத்து அரிசி மில் ஒன்றின் முதலாளி தொலைபேசியில் கூப்பிட்டார். நெல் மூட்டை கூரை முட்ட அடுக்கிக் கிடக்கிறது, பொயிலரில் அமுக்கம் ஏறவில்லை, விறகு லோட் லோடாகப் போகிறது, பக்கத்து வளவுக்காரர் பிரதேச சபைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார் என்று ஒரே மூச்சில் சொன்னார். ஏ9 வீதியால் வந்து ஒழுங்கைக்குள் திரும்பும்போது மில் எதுவென்று எவரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. தென்னைகளுக்கு மேலே கறுப்பாக ஒரு தூண் நின்றது. பக்கத்து வளவுக் கொடியில் பள்ளிக்கூடச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. தோள்ப்பட்டையில் மிளகளவு கரிப் பொட்டுகள்.

"தம்பி, கீழ அடிக்கிற புளோவர் காணாதுபோல கிடக்கு. இன்னும் பெரிசொண்டு போடுவமோ?"

"பொறுங்கோ அண்ணை. முதல்ல நெருப்பைப் பார்ப்பம்."

வவுனியாவில் தொடங்கி முல்லைத்தீவு, பரந்தன், மன்னாரில் கட்டுக்கரைக்குளப் பக்கம் வரை நெல் அவிக்கும் பொயிலர்களைப் பார்ப்பதுதான் என் தொழில். போகிற இடமெல்லாம் இதே கேள்விதான் கேட்கிறார்கள். புகை வந்தால் காற்றுப் போதவில்லை என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அந்தக் காற்று எந்த இடத்தில் போதவில்லை என்று பார்க்கத்தான் ஆள் இல்லை.

அடுப்பின் பக்கச் சுவரில் இருந்த சின்னப் பார்வைத் துளையால் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றேன். நெருப்புப் போடுகிற ஐயா கதவைத் திறந்து, தொடை மொத்தத்தில் ஏழெட்டு வீரைக் கட்டைகளை ஒன்றாகத் தள்ளிவிட்டுக் கதவை மூடினார். அடியில் தணல் வெள்ளையாகக் கனன்றது. அதற்கு மேலே அரை நிமிடத்தில் எல்லாம் இருண்டுவிட்டது. செம்மண் நிறத்தில் நாக்கு நாக்காகச் சுவாலை எழுந்து, பொயிலரின் அடிவயிற்றைத் தொட்ட இடத்தில் கறுப்பாகி, பின்பக்கம் இழுபட்டுப் போனது. வெளியே வந்து பார்த்தால் புகைபோக்கி கக்கிக்கொண்டிருந்தது. ஏழு நிமிடம் கழித்துத்தான் கொஞ்சம் வெளுத்தது. அதற்குள் ஐயா அடுத்த அடுக்கைப் போடத் தயாராகிவிட்டார்.

விறகு விறகாக எரிவதில்லை. சூடு ஏறியதும் அதன் காய்ந்த எடையில் நான்கில் மூன்று பங்குக்குக் கிட்ட வாயுவாகக் கிளம்பிவிடும். உமியிலும் பாதிக்கு மேல் அப்படித்தான். மிஞ்சுகிற கரிதான் அடுப்புக்குள் இருக்கும் இரும்புத் தட்டில் தணலாகக் கிடக்கிறது. கீழேயிருந்து அடிக்கிற காற்றின் ஒட்சிசனை அந்தத் தணலே முழுக்கத் தின்றுவிடும். தணலைத் தாண்டி மேலே வருவது எரியக்கூடிய வாயு, ஆனால் அது எரிவதற்கு அங்கே ஒட்சிசன் இல்லை. அப்படியே போய்க் குளிர்ந்த பொயிலர்க் குழாயைத் தொட்டால் சுவாலை அணைந்து கரியாகப் படிகிறது. இந்த நிலைமையில் கீழே இன்னும் பெரிய புளோவரைப் பூட்டினால் தணல் இன்னும் சூடாகும், விறகிலிருந்து வாயு இன்னும் வேகமாகக் கிளம்பும், புகை கூடும். முதலாளி அண்ணை கேட்ட மருந்து நோயைக் கூட்டுகிற மருந்து.

கண்ணுக்குத் தெரிகிற கரி நட்டத்தில் ஒரு சின்னப் பங்குதான். பெரிய நட்டம் கண்ணுக்குத் தெரியாது. ஒரு கிலோ காபன் முழுதாக எரிந்து காபனீரொட்சைட்டு ஆனால் ஏறக்குறைய 33 மெகாயூல் வெப்பம் தரும். அரைகுறையாக எரிந்து காபனோரொட்சைட்டாக நின்றுவிட்டால் கிடைப்பது 9 மெகாயூல் சொச்சம். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் புகைபோக்கி வழியே வானத்துக்குப் போய்விடுகிறது. காசு கொடுத்து வாங்கிய விறகு, பெர்மிட் எடுத்துக் காட்டிலிருந்து இறக்கிய விறகு.

எங்கள் வீட்டில் அம்மா முற்றத்தில் கல் வைத்துக் கிடாரத்தில் நெல் அவிப்பார். நெருப்புப் புகைந்தால் பக்கத்தில் சுளகு கிடந்தாலும் அதை எடுக்கமாட்டார். ஊதுகுழலைத்தான் தேடுவார். சுளகால் விசுக்கினால் அகலமான காற்று வந்து சாம்பலைக் கிளப்பும், அடுப்பையும் குளிரச் செய்யும். ஊதுகுழலில் வருவது ஒரு வாய்க் காற்று. ஆனால் அது புகைகிற இடத்தையே தேடிப் போய்க் குத்தும், குத்திய இடத்தில் 'பக்' என்று சுவாலை பிடிக்கும். ஒரு பொயிலர் அடுப்புக்குச் செய்ய வேண்டியதும் இதுதான். தணலுக்கு மேலே, வாயு கிளம்புகிற இடத்தில், மெல்லிய துளைகளால் வேகமான காற்றைக் குத்த வேண்டும்.

வேகம் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பல மில்களில் யாரோ சொன்னதைக் கேட்டு அடுப்புக் கதவில் நாலு ஓட்டை போட்டு வைத்திருக்கிறார்கள். 10 மீற்றர் உயரமான புகைபோக்கி, உள்ளே 250 பாகை சூடு இருந்தால், இழுக்கிற இழுவை வெறும் 5 மில்லிமீற்றர் உயரத்துக்கு நீரைத் தூக்குகிற அளவுதான். அந்த இழுவையில் ஓட்டையால் வருகிற காற்றுச் சோம்பலாகச் சுவரோடு ஒட்டிக்கொண்டு மேலே போய்விடும். வாயு நடுவில் போகும், காற்று ஓரத்தில் போகும், இரண்டும் சந்திக்காமலே புகைபோக்கியில் ஏறும். தணலுக்கு மேலே குத்துகிற இந்த மேற்காற்றுக்கு அதைப்போலப் பல மடங்கு அமுக்கம் தரக்கூடிய தனிப் புளோவர் வேண்டும். அளவில் சின்னது போதும்.

அந்த மில்லில் பொயிலருக்கு அடியில் கல்லால் கட்டிய வெளி அடுப்பு. வேலைக்கு அது வசதி. தீப்படுக்கைக்கு ஒரு முழம் மேலே, இரண்டு பக்கச் சுவர்களிலும் ஆறாறு துளை எடுத்து ஒரு அங்குலப் பைப் வைத்தோம். எதிரெதிராக நேருக்கு நேர் வைக்கவில்லை. அப்படி வைத்தால் இரண்டு காற்றும் நடுவில் முட்டி நின்றுவிடும். இந்தப் பக்கத்து இரண்டு துளைகளுக்கு நடுவே அந்தப் பக்கத்துத் துளை வரும்படி மாற்றி மாற்றி வைத்தோம். வாயைக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்தோம், ஆனால் தணலில் படாதபடி. விறகுக்கும் உமிக்கும் மொத்தக் காற்றில் ஏறக்குறைய பாதி இப்படி மேலே போகலாம். அதனால் கீழ்க்காற்றைக் குறைக்க வேண்டியிருந்தது. முதலாளி அண்ணைக்கு அதுதான் மனம் ஒப்பவில்லை. புளோவர் வாயைப் பாதி மூடியபோது என் கையைப் பிடித்துவிட்டார்.

ஐயா கட்டை போட்டுக் கதவை மூடினார். வழமைபோல உள்ளே இருண்டது. மேற்காற்று வால்வைத் திறந்தேன். துளை ஒவ்வொன்றின் வாயிலும் வெளிர் மஞ்சளாக ஒரு விரல் நீண்டது, பிறகு எல்லாம் ஒன்றோடொன்று சுழன்று கலந்து அடுப்பு முழுக்க வெளிச்சமானது. பார்வைத் துளையால் பார்த்துக்கொண்டிருந்த ஐயா கண்ணைச் சுருக்கி முகத்தைத் திருப்பினார். வெளியே புகைபோக்கிக்கு மேலே வெயில் அலையாடுவது மட்டும் தெரிந்தது.

இதிலும் அளவு உண்டு. புகை வாயுவில் எவ்வளவு ஒட்சிசன் மிஞ்சியிருக்கிறது என்று அளக்கிற கருவி ஒன்று என் பையில் இருக்கும். வெளிக்காற்றில் ஒட்சிசன் 21 சதவீதம். புகைபோக்கியில் 7 சதவீதம் மிஞ்சியிருந்தால் தேவைக்கு மேல் பாதி மடங்கு காற்று அதிகமாகப் போகிறது, விறகு அடுப்புக்கு அது பொறுக்கக்கூடியது. 11 சதவீதம் என்றால் தேவையைப்போல இரண்டு மடங்கு. அந்த மிச்சக் காற்றையும் சூடாக்கி வெளியே அனுப்புவதற்கு விறகு எரிக்கிறோம் என்று அர்த்தம். புகையே இல்லாத புகைபோக்கியும் நட்டத்தில் ஓடலாம். ஆகவே மேற்காற்று வால்வைத் திறந்துவிட்டு மறந்துபோகக் கூடாது. கட்டை போட்டவுடன் நன்றாகத் திறக்க வேண்டும், வாயு அடங்கித் தணலாகியதும் குறைக்க வேண்டும்.

அப்புறம் எல்லோரும் கேட்பது நீராவியைப் பற்றி. "நீராவியை நெருப்புக்குள்ள அடிச்சா நெருப்புக் கூடுமாமே, தண்ணியே எரியுமாமே?" தண்ணீர் எரியாது. செக்கச் சிவந்த கரியின்மேல் நீராவி பட்டால் காபனோரொட்சைட்டும் ஐதரசனும் கிளம்புவது உண்மை, அவை மேலே வந்து எரிவதும் உண்மை. ஆனால் அப்படிப் பிரிப்பதற்குத் தணலிலிருந்து எடுத்த வெப்பத்தைத்தான் மேலே எரியும்போது திருப்பித் தருகிறது. கணக்கில் ஒரு சதமும் கூடாது. இதைச் சொல்லிக் கருவி விற்க வருகிறவர்களை நம்பிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

என்றாலும் நீராவிக்கு அடுப்பில் உண்மையான வேலைகள் உண்டு. மெல்லிய துளையால் பாய்கிற நீராவி தன்னோடு வெளிக்காற்றையும் இழுத்துக்கொண்டு போய் வாயுவைக் கலக்கும். புளோவர் இல்லாத காலத்தில் நீராவி எஞ்சின்களிலும் கப்பல்களிலும் கரும்புகையை அடக்க இதைத்தான் செய்தார்கள். தட்டுக்கு அடியில் காற்றோடு கொஞ்சம் நீராவி விட்டால் தணல் அளவுக்கு மீறிச் சூடாகாது, சாம்பல் உருகிக் கிட்டமாக, கல்லுப்போன்ற கட்டியாக, தட்டில் ஒட்டாது. ஆர்ஜென்டீனாவின் பொறியியலாளர் போர்ட்டா நீராவி ரயில் எஞ்சின்களில் இந்த இரண்டையும் சேர்த்தார். கீழ்க்காற்றைக் குறைத்து அதில் நீராவியைக் கலந்து, தீப்படுக்கையை வாயு உண்டாக்கும் இடமாகவே வைத்துக்கொண்டு, எரிவதற்கான காற்றைப் பக்கத் துளைகளால் மேலே கொடுத்தார். தென்னாபிரிக்காவில் டேவிட் வார்டேல் 1981 இல் திருத்தியமைத்த 3450 ஆம் இலக்க ரயில் எஞ்சினிலும் இந்த முறைதான். நிலக்கரியைத் தின்று கரும்புகை கக்கும் எஞ்சின் சாதிக்கு அது பெரிய திருப்பம்.

ஆனால் எங்கள் சின்னப் பொயிலர்களில் கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 மில்லிமீற்றர் துளை ஒன்று, 5 பார் அமுக்கத்தில், மணிக்கு 20 கிலோவுக்கு மேல் நீராவி குடிக்கும். அப்படி நாலு துளை வைத்தால் 80, 90 கிலோ. மணிக்கு 500 கிலோ நீராவி தருகிற பொயிலரில் அது ஆறில் ஒரு பங்கு. நெல் அவிக்க வேண்டிய நீராவியைப் புகைபோக்கிக்குக் கொடுக்கிறோம். ஒரு கிலோ விறகுக்கு மூன்று, மூன்றரைக் கிலோ நீராவி என்று வைத்தாலும் மணிக்கு 25 கிலோ விறகு. அதனால்தான் மின்சாரம் உள்ள இடத்தில் நான் காற்றுப் புளோவரைத்தான் பூட்டச் சொல்வேன். நீராவித் துளை வேண்டுமென்றே வேண்டும் என்றால் ஒன்றரை, இரண்டு மில்லிமீற்றர் போதும், கட்டை போட்ட பிறகு இரண்டு மூன்று நிமிடம் மட்டும். ஈரமான நீராவியை அடித்தால் அடுப்புச் சுவரின் தீக்கல் வெடிக்கும்.

இதை வாசித்துவிட்டு யாராவது நாளைக்கே துளைகருவியோடு பொயிலருக்கு முன்னால் போய் நின்றுவிடுவீர்களோ என்று எனக்குப் பயம். துளை அடுப்புச் சுவரில் மட்டும். நீரும் நீராவியும் நிற்கிற உருளையில், குழாய்த் தகட்டில், அவற்றோடு ஒட்டிய எந்த இரும்பிலும் துளையோ வெல்டிங்கோ கூடாது. பொயிலரை அதிகாரம் பெற்ற பரிசோதகர் பார்த்துச் சான்று தர வேண்டும் என்பது 1942 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தில் உள்ள விதி. அடுப்பில் மாற்றம் செய்தாலும் அவரிடம் காட்டிவிடுங்கள்.

இன்னொன்று, மின்சாரம் நின்று புளோவர் ஓய்ந்தால் உள்ளே எரியாத வாயு நிரம்பி நிற்கும். அந்த நேரம் பதறிப்போய்க் கதவை இழுத்துத் திறந்தால் காற்று உள்ளே பாய்ந்து சுவாலை முகத்துக்கு வரும். இரண்டு கையும் புருவமும் வெந்துபோன ஒரு பிள்ளையை நான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறேன். வயது இருபது. புகைவழிக் கதவை முழுதாகத் திறந்துவிட்டுப் பொறுத்திருங்கள், மின்சாரம் வந்ததும் முதலில் புளோவர், சில நிமிடம் கழித்து ஒதுங்கி நின்று கதவு. உமி எரிக்கிறவர்களுக்குச் சாம்பலும் ஆபத்து. உமிச் சாம்பலில் பெரும்பங்கு சிலிக்கா, கடுஞ்சூட்டில் நெடுநேரம் கிடந்தால் அது பளிங்காக மாறும், அந்தத் தூள் நுரையீரலில் தங்கினால் திரும்பாது. அள்ளுகிறவருக்கு நல்ல முகமூடி வாங்கிக் கொடுங்கள், அள்ளுமுன் தண்ணீர் தெளியுங்கள்.

ஈர விறகுக்கு எந்தக் காற்றும் உதவாது. பச்சையாக வெட்டிய கட்டையில் பாதி எடை தண்ணீர். ஐப்பசி மழைக்கு முன்னரே கூரைக்குக் கீழே அடுக்கி, கை மொத்தத்துக்குப் பிளந்து வைத்தால் ஐயா ஏழெட்டுக் கட்டையை ஒன்றாகத் தள்ளத் தேவையில்லை. இரண்டிரண்டாகப் போடலாம். அவர் இப்போது அப்படித்தான் போடுகிறார்.

ஆவணியில் சிறுபோக நெல் வந்தபோது அந்த மில்லுக்குத் திரும்பப் போனேன். ஆறு பைப் வாய்கள் கருகிச் சுருண்டிருந்தன. இரவில் தணலை மூடும்போது மேற்காற்று வால்வையும் இறுக மூடியிருக்கிறார்கள். காற்று ஓடும்வரை அந்தக் காற்றே பைப்பைக் குளிர வைத்திருக்கும், நின்றால் இரும்பு தாங்காது. வாய்களைச் சுவருக்குள்ளே நாலு விரல் இழுத்து வைத்துத் தீக்களிமண் பூசினோம். வால்வின் கைபிடி கால் பங்குக்குக் கீழே திரும்பாதபடி ஒரு போல்ட் அடித்தோம்.